வாசித்துக் காட்டாத தாள்

நான் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டேன். ‘மேற்கண்ட நிபந்தனைகளை வண்டிக்காரனுக்கு அவன் பாஷையில் வாசித்துக் காட்டி, அவன் புரிந்துகொண்டதாகச் சொன்னபின் கைநாட்டு வாங்கினேன்’ என்ற இங்கிலீஷ் வரிக்குக் கீழே என் பெயரை எழுதினேன். நான் வாசித்துக் காட்டவில்லை. அவருடைய பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் பதித்துவிட்டு, துடைத்துக்கொள்ள ஒரு கந்தலைக் கொடுத்தேன். அரை நிமிஷ வேலை. அதனால் ஒரு காளை செத்தது, ஒரு மனிதரின் பெயர் கெட்டது. ஆறு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். அந்தத் தாளில் இருந்த பதினொரு நிபந்தனைகளும் எனக்கு இன்னும் மனப்பாடம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கோட்டாற்றில் ஒரு ஏஜென்டின் சரக்குக் கிட்டங்கியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவன் என்பதால் இங்கிலீஷ் கடிதமெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். தூத்துக்குடிப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழி வழியாக வருகிற சரக்கை இறக்கி வைத்து, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு மாட்டு வண்டியில் அனுப்புவது எங்கள் தொழில். அரிசி, கருவாடு, மண்வெட்டி, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் எல்லாம் போகும். வருஷத்துக்கு நாலைந்து தடவை பாஷாணமும் போகும். மரங்களுக்கு நடுவில் முளைக்கும் களையைக் கருக்க அதைத் தண்ணீரில் கலக்கித் தெளிப்பார்கள்.

பாஷாணம் சின்ன இரும்புப் பீப்பாயில் வரும். முதல் தடவை ஒரு பீப்பாயின் மூடி ஓரம் கசிந்து, வெள்ளையாகக் கொஞ்சம் தூள் தரையில் கிடந்தது. கோலமாவு மாதிரி இருந்தது. மணமும் இல்லை, குணமும் தெரியவில்லை. நாலைந்து நெல்மணியின் எடை உள்ளே போனால் ஒரு ஆள் தேறமாட்டான் என்று தாளில் படித்திருந்தேன். பீப்பாயின் எடையை வைத்துக்கொண்டு பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொகை எங்கள் தாலுகாவின் ஜனங்களை எல்லாம் தாண்டிப் போனபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். முழங்கால் உயரப் பீப்பாய்தான். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு பீப்பாயோடும் ஒரு நிபந்தனைத் தாள் வரும். சாப்பாட்டுப் பொருளோடு ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது. நாலு பக்கமும் உலர்ந்த பொருளால் அணைத்து ஆடாமல் நிறுத்த வேண்டும். சிவப்பு அட்டை வெளியே தெரிய வேண்டும். குளம், கிணறு, ஓடைப் பக்கத்தில் வண்டியை அவிழ்க்கக் கூடாது. சிந்தினால் வழியை மறித்து, ஆளையும் மிருகத்தையும் விலக்கி நிறுத்தி, அணைத்த பொருளைப் புதைக்க வேண்டும். பாஷாணத்தால் ஒரு மிருகம் செத்தால் தோல்கூட உரிக்காமல் முழுசாகப் புதைக்க வேண்டும். தொட்டவர் நீர்நிலையில் இறங்கிக் கை கழுவக் கூடாது. இப்படிப் போகும். இதை எழுதியவர் எங்கள் சாலையையோ குளங்களையோ பார்த்திருக்க முடியாது. ஆனால் எங்கோ ஒரு ஊரில் ஒரு குளம் கெட்டதை யாரோ பார்த்திருக்க வேண்டும். செத்த மாட்டின் தோலை உரித்த ஒருவன் மறுநாள் எழுந்திருக்காமல் போயிருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு பிணம் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றும். படித்தவனுக்கு இப்படியெல்லாம் தோன்றும். தோன்றியும் நான் செய்ததைத்தான் சொல்கிறேன்.

கோட்டாற்றுப் பெரிய கோயில் திருநாள் சமயம். கடற்கரை ஊர்களிலிருந்து ஜனங்களை ஏற்றிவர எல்லா வண்டியும் போய்விட்டது. தோட்டத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது. ஆட்களுக்கு அரிசி தீர்ந்துவிட்டது, உடனே அனுப்பு என்று ஒன்று. பாஷாணப் பீப்பாய் ஏன் இன்னும் வரவில்லை என்று துரை கேட்பதாக இன்னொன்று. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வண்டி.

வண்டிக்காரர் பறக்கைப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலைப்பாகையும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக வருவார். தன் காளைகளை மூத்தவன், இளையவன் என்றுதான் சொல்வார். அவை தண்ணீர் குடித்து முடிக்கும்வரை தான் வாய் நனைக்கமாட்டார். வண்டிப்பேட்டையில் அவருடைய வாக்குக்கு மதிப்பு இருந்தது. ஒரு சரக்கு நனைந்தது, உடைந்தது என்று அவர் வண்டியைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

அஞ்சு மூட்டை அரிசியை ஏற்றிவிட்டுப் பீப்பாயை உருட்டி வந்தபோது அவர் கேட்டார்.

“செவத்த அட்ட ஒட்டியிருக்கே, என்னது வேய்?”

“தோட்டத்துச் சரக்கு. களைக்குத் தெளிக்கது.”

“உள்ளதச் சொல்லும் கணக்கப்பிள்ளே. போன தடவ ஆசிட்டு ஜாடிய ஏத்திவிட்டு ஒண்ணும் இல்லேன்னீரு. வேட்டில ரூவா வட்டத்துக்கு ஓட்ட. எவகிட்டப் போயித் தீ வச்சுக்கிட்டு வந்தேருன்னு எனக்க பெண்டாட்டி மூணு நாளு கஞ்சி ஊத்தல்ல.”

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“இது ஆசிட்டு இல்ல வேய்,” என்றேன்.

அது உண்மை. விஷம் என்று சொன்னால் அரிசியோடு ஏற்றமாட்டார், அது எனக்குத் தெரியும். சிவப்பு அட்டை மூட்டைப் பக்கம் திரும்பியிருக்கும்படி பீப்பாயை நானே பிடித்துத் திருப்பினேன். சுற்றிலும் வைக்கோலைத் திணிக்கச் சொன்னேன். பிறகு தாளை நீட்டினேன்.

“என்ன எழுதியிருக்கு?”

“வழக்கமா உள்ளதுதான். கைய வையும், நேரமாச்சு.”

அவர் வைத்தார்.

எங்கள் ஊரில் வைக்கோலை யாரும் எரிப்பதில்லை, புதைப்பதும் இல்லை. சரக்கை அணைக்கிற வைக்கோல் வண்டிக்காரரைச் சேர்ந்தது. போகிற வழியில் வண்டி நிற்கிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக் காளைகளுக்குப் போடுவார்கள், இறக்கும் இடத்தில் மிச்சத்தைப் போடுவார்கள். அது யாரும் கேட்டு வாங்குகிற உரிமை இல்லை, அப்படித்தான் நடக்கும். ‘அணைத்த பொருள்’ என்று இங்கிலீஷில் எழுதியவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். வைக்கோலைத் திணிக்கச் சொன்ன நேரத்தில் அது என் புத்தியில் வரவில்லை. இன்றுவரை எனக்கு விளங்காதது அதுதான்.

மறுநாள் விடியற்காலையில் வண்டி புறப்பட்டது. பகல் மூன்று மணி வாக்கில் தக்கலைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் கிட்டங்கி வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“உங்க வண்டி மாடு ரோட்டுல செத்துக் கெடக்கு. வண்டிக்காரரு ஒரு ஆளையும் கிட்ட விடல்ல. மூள கலங்கிப் போச்சுன்னு சொல்லுகாவ.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு மைல் இருக்கும். வழி முழுக்க, அவர் கஞ்சி வைத்திருப்பார், ஏற்றின அரிசியில் இரண்டு கை அள்ளி வைத்திருப்பார் என்பதே நினைப்பு. அதுவும் வண்டிக்காரர்களின் வழக்கம்தான்.

தக்கலை தாண்டிக் குலசேகரம் போகிற சாலையில், ஒரு குளத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னால், வழியின் குறுக்கே பச்சை மரக் கொம்புகள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. அந்தப் பக்கம் முப்பது தப்படி தள்ளியும் அதே மாதிரி. நடுவில் வண்டி நுகத்தைத் தரையில் குத்தி நின்றது. மூத்தவன் விழுந்து கிடந்தான். இளையவன் தூரத்தில் ஒரு பலா மரத்தில் கட்டப்பட்டு, வாயில் நுரையோடு நின்றான். கஞ்சிப் பானை கவிழ்ந்து கிடந்தது. அவர் செத்த காளையின் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாடு ஓட்டும் தார்க்கம்பு.

கொம்புக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் கத்தியும் கூடையுமாக நின்றிருந்தார்கள். சாலையில் மாடு செத்தால் தோலுக்கும் இறைச்சிக்கும் ஆள் வரும்.

“என்ன வேய், செத்த மாட்டுக்குக் காவலா? தோல நீரு உடுக்கப் போறேரா?” என்றான் ஒருவன்.

“மக்கா, இதுல ஒரு தும்பு உனக்க வீட்டுக்குப் போச்சுன்னா, நாளைக்கு உனக்க வாசல்ல நான் காவலிருக்கணும். தள்ளி நில்லு.”

“பிசினாறி!”

“ஆமா, பிசினாறிதான். போ.”

என்னைப் பார்த்தும் வண்டிக்காரர் எழுந்திருக்கவில்லை.

“கணக்கப்பிள்ளே, அந்தப் பீப்பாயில என்னது?”

“பாஷாணம்.”

கத்தி வைத்திருந்தவன் இரண்டு எட்டு பின்னால் போனான். அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“கஞ்சி குடிக்கல்ல நான். மூத்தவன் காலு பின்னிச்சு, வாயில தண்ணி ஒழுகிச்சு. விடியக்காலத்தயும் நல்லாத்தான் இருந்தான். காலத்தயிலேருந்து புதுசா அவன் தின்னது இந்த வைக்கோல்தான். எடுத்துப் பாத்தேன், மாவு மாதிரி ஒட்டியிருந்து. அரிசிச் சாக்குலயும் இருந்து. பானய சவிட்டித் தள்ளிட்டேன்,” என்றார்.

மூடியின் ஈயப்பற்று குலுங்கலில் விட்டிருந்தது. அந்தத் தூள் உப்புக் கரிக்கும், மாடு விரும்பித் தின்னும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வைக்கோலை எல்லாம் ஒரு தும்பு விடாமல் கூட்டி, குளத்துக்கு எதிர்த்திசையில், மேட்டில் குழி தோண்டிப் புதைத்திருந்தார். அரிசியையும் கஞ்சியையும் அதிலேயே போட்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மண்வெட்டி கொடுத்து உதவியிருக்கிறார். காளைக்கும் பெரிய குழி பாதி தோண்டியாகிவிட்டது. தோலோடு முழுசாகப் புதைக்கத்தான். குளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், மண்ணும் தூளும் ஒட்டிய கைகளை அதில் அவர் நனைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு குடத்தில் கொண்டுவந்து யாராவது ஊற்றுவார்கள் என்று கையை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“பிள்ளே, இத்திரி வெள்ளம் ஊத்தும். குழிக்குள்ள விழட்டும்.”

நான் ஊற்றினேன். என் சட்டைப் பையில் அந்தத் தாளின் நகல் இருந்தது. ஊற்றிக்கொண்டே மனதுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வழியை மறித்தது, விலக்கி நிறுத்தியது, புதைத்தது, தோல் உரிக்க விடாதது, நீர்நிலையில் இறங்காதது. சிந்திய பிறகு செய்ய வேண்டியதில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒருவரும் அவருக்கு ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எந்தத் தூர தேசத்திலோ எத்தனையோ சாவுக்குப் பிறகு கற்றறிந்தவர்கள் எழுதி வைத்ததை, எழுத்தறியாத இந்த மனிதர் ஒரு பகல் பொழுதில், தன் காளை சாகிறதைப் பார்த்துக்கொண்டே, தானாகக் கண்டுபிடித்துச் செய்து முடித்திருக்கிறார். பெரிய மலைக்கு அடியில் வந்து நிற்கிறவன் மாதிரி நின்றேன். அதற்குப் பிறகும் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

நாலு நாள் கழித்து ஏஜென்ட் ஆபீசில் விசாரணை. தோட்டத்துக் கம்பெனியின் மேலாள் வந்திருந்தார். அரிசியையும் விஷத்தையும் சேர்த்து ஏற்றியது யார் என்று கேட்டார். வேறு வண்டி இல்லை என்று சொல்லி அதிலிருந்து தப்பித்துக்கொண்டேன். பிறகு அவர் தாளை எடுத்து இங்கிலீஷில் சொன்னார்.

“அணைத்த பொருளைப் புதைக்க வேண்டும் என்று இவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது. தெரிந்தே மாட்டுக்குப் போட்டிருக்கிறான். நம் பேரில் தவறு இல்லை.”

தாளை வண்டிக்காரர் முன் நீட்டி, இது உன் கைநாட்டுத்தானா என்று தமிழில் கேட்டார்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கதுதான்,” என்றார்.

வாசித்துக் காட்டவில்லை என்று அவர் சொல்லியிருந்தால், நான் மறுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

கம்பெனிச் சரக்கு இனி அவருக்கு இல்லை என்று ஆயிற்று. அது மட்டுமென்றால் பிழைத்திருப்பார். பேட்டையில் செய்தி வேறுவிதமாகப் பரவியது. சொல்லியும் கேளாமல், ஓசி வைக்கோலுக்கு ஆசைப்பட்டு மாட்டைக் கொன்றவர் என்று. அவர் பேட்டைக்குள் வந்தால், “இன்னைக்கு மாட்டுக்கு என்ன பலகாரம் வேய்?” என்பார்கள். காளைகளை மகன்கள் மாதிரி வளர்த்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்? வருவதை நிறுத்திவிட்டார். இளையவன் பிழைத்துக்கொண்டான். ஒற்றைக் காளையை மற்றவர்களின் ஏருக்குச் சேர்த்துக் கட்டி, வயல் வேலைக்குப் போனார். வண்டி வீட்டு முற்றத்தில் நின்றது.

நான் மூத்த குமாஸ்தா ஆனேன்.

ஆறாவது வருஷம் ஒரு காலையில் கிட்டங்கி வாசலில் பாஷாண வண்டி ஒன்று புறப்பட்டது. சிவப்பு அட்டை வெளியே தெரிய, வேறு சரக்கு இல்லாமல், எல்லாம் முறைப்படிதான். எதிரே அவர் தலையில் ஓலைக்கட்டோடு வந்தார். வண்டிக்கு ஒதுங்கி நின்றார். வண்டியிலிருந்து ஒரு பிடி வைக்கோல் சாலையில் விழுந்தது. அவர் ஓலைக்கட்டை இறக்கி வைத்தார், அக்கம்பக்கம் மாடு நிற்கிறதா என்று பார்த்தார், ஒரு ஓலைத் துண்டால் அந்த வைக்கோலை வாரி, மதிலோரம் குழி பறித்து மூடினார். பிறகு கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஜன்னலில் நிற்பதை அவர் பார்க்கவில்லை. யாருக்காகவும் செய்யவில்லை.

எத்தனை தடவை இப்படிச் செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கே கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். வாசித்துக் காட்டினேன் என்று நான் எழுதியது பொய், அட்டையைத் திருப்பி வைத்தது நான், அந்த மனிதர் பேரில் குற்றம் இல்லை என்று. ஒரு வாரத்தில் ஏஜென்ட் என்னை வேலையிலிருந்து நீக்கினார்.

வேலை போன மறுநாள் காலை, வண்டி பூட்டுகிற நேரத்தில் பேட்டைக்குப் போய் எல்லார் முன்னாலும் அதையே சொன்னேன்.

“ஆறு வருசமா வாயில என்னத்த வச்சிருந்தேரு வேய், கொழுக்கட்டையா?” என்றார் ஒருவர்.

இன்னொரு வயசாளி காறித் துப்பினார். “எங்களுக்கு எதுக்குச் சொல்லுதேரு? அவருக்க மூஞ்சியப் பாத்துச் சொல்லும்.”

போனேன். வயல் வரப்பில் நின்றிருந்தார்.

“அண்ணாச்சி,” என்றேன்.

“இப்பம் அண்ணாச்சியா?” என்றார். “வேய்னுதான கூப்பிடுவேரு.”

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேட்டுவிட்டு மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை வழித்தார்.

“நான் கைநாட்டு வச்ச அந்தக் கடலாசு இருக்கா?”

இருந்தது.

“வாசியும்.”

வரப்பில் நின்று பதினொன்றையும் தமிழில் வாசித்தேன். குளத்தைப் பற்றி வந்தபோது, “அது செஞ்சேன்,” என்றார். தோலைப் பற்றி வந்தபோது, “அதும் செஞ்சேன்.” முடித்ததும் கேட்டார்:

“இதுல வைக்கோல் காரியம் இல்லியே?”

“இருக்கு. அணைத்த பொருள்னு.”

“அணைத்த பொருளா? அத வாசிச்சிருந்தாலும் எனக்கு மனசிலாயிருக்காது பிள்ளே. மாட்டுக்குப் போட்டுத்தான் இருப்பேன்.” பிறகு சொன்னார்: “ஆனா பாஷாணம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தேர்னா, ஏத்தியிருக்க மாட்டேன். ஒரு வார்த்த. மூத்தவன் இருந்திருப்பான்.”

திரும்பி வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எங்கள் பேச்சில் திருப்பி எழுதினேன். ‘இது பாஷாணம். இந்த வைக்கோலை மாட்டுக்குப் போடாதே’ என்பது முதல் வரி. கையால் இருபது படி எடுத்துப் பேட்டையில் கொடுத்தேன். வாசிக்கத் தெரிந்தவர் அங்கே இரண்டு பேர்தான். அதனால் விஷச் சரக்கு ஏறுகிற நாளில் வந்து வாசித்துக் காட்டும்படி என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகியிருந்தேன். மணி அடிக்கும் முன் போய்விட்டு வருவேன். ஒருவர் வாசித்துக் கேட்காமல் கைநாட்டு வைப்பதில்லை என்று வண்டிக்காரர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். பழைய முதலாளி என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த வண்டிக்காரருக்குக் கம்பெனிச் சரக்கு திரும்பக் கிடைத்தது. பேட்டையில் இரண்டு பேர் சேர்ந்து, இளையவனுக்கு ஜோடியாக ஒரு காளையை அறுவடைவரை ஓட்டக் கொடுத்தார்கள். அது பிறகு அவரிடமே நின்றுவிட்டது. அதை அவர் மூத்தவன் என்று கூப்பிட்டதில்லை. மன்னித்தேன் என்று என்னிடம் சொன்னதுமில்லை. நான் கேட்கவுமில்லை.

ஒருநாள் காலையில் பாஷாணப் பீப்பாய்க்கு வண்டியோடு வந்து நின்றவர் அவர்தான். அட்டை வெளியே தெரிகிறதா என்று சுற்றி வந்து பார்த்தார். வேறு சரக்கு கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நான் வாசித்தேன். எல்லாம் தெரிந்தவர், தெரியாதவர் மாதிரி கடைசிவரை கேட்டார். ஐந்தாவதை, சிந்தினால் செய்ய வேண்டியதை, நான் வேகமாகக் கடந்தபோது, “மெதுவா,” என்றார். திரும்பப் படித்தேன்.

முடித்ததும் கிட்டங்கியின் புதுக் குமாஸ்தா மைத்தட்டை நீட்டி அவருடைய கையைப் பிடிக்க வந்தார். அவர் கையை இழுத்துக்கொண்டு, தானே விரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தார்.